மழைக்கு முன் வெட்டி வைத்த குழி

எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து, ஒரே ஒரு காரியத்தில் மட்டும் என்னை முந்திக்கொண்ட செசிலிக்கு,

உன் வருஷ நினைவுக்கு ஜூட் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறான். கொழும்பிலிருந்து போன் பண்ணி, "அம்மா, அத்தையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நல்லதா எழுதுங்க" என்றான். அந்த 'நல்லதா'வை இரண்டு தடவை சொன்னான். நான் பெற்ற பிள்ளை, என்னை அறிந்தவன். எழுதுகிறேன் என்றேன். நல்லதாக எழுதுகிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகையால் சொல்லி வைக்கிறேன். நீ என் புருஷனின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே இருந்துவிட்டவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டாய். நானும் நீயும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைத்தோம். இப்போது நீ சவக்காலையின் மேல் வரிசையில், உன் அண்ணனுக்குப் பக்கத்தில், நான் எனக்கென்று வெட்டி வைத்த குழியில் படுத்திருக்கிறாய்.

எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பதுளையில் கன்னியாஸ்திரிமார் மடத்தில் படித்தவள் நான். அங்கே எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். எழும்ப, செபிக்க, தைக்க, வாயை மூடிக்கொண்டிருக்க. தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த மணி இல்லை. திருநாள்கள் இருந்தன. அவற்றை வைத்து என் வருஷத்தைக் கட்டிக்கொண்டேன். ஆகஸ்ட் நடுவில் வரும் பரலோக மாதா திருநாளுக்குள் விறகு பிளந்து அடுக்கியாக வேண்டும். செப்டெம்பரில் மாதா பிறந்த திருநாளுக்குள் கூரைத் தகரத்துக்கு ஆணி பார்த்து, கூரைத் தண்ணீர் விழும் பீலியில் கிடக்கும் சருகை அள்ளி, வீட்டைச் சுற்றி ஓடும் தண்ணீர்க் கானை வெட்டிச் சரிபண்ண வேண்டும். ஒக்டோபரில் செபமாலை மாதம் பிறக்கும்போது மிளகாயும் மல்லியும் போத்தலுக்குள் இருக்க வேண்டும், கம்பளிகள் வெயில் கண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு மழை எப்போது வேண்டுமானாலும் வரட்டும். தை மாதத்து வெயில் முகம் காட்டும்வரை கதவைச் சாத்திக்கொண்டு இருக்க நான் தயார்.

இதெல்லாம் ஒரு பெண் தனியாகச் செய்கிற வேலை இல்லை. ஆனால் கச்சான் என்கிற காய்ந்த காற்று அடிக்கும் மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் வரும். தேயிலையைப் பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்த உன் அண்ணன் அந்த நாட்களில் வீட்டுக்கு வருவது குளிக்கவும் சாப்பிடவும் மட்டும். தொழிற்சாலையில் வாடுகிற கொழுந்தின் பக்கத்திலேயே அவர் கிடப்பார். துணைக்கு எனக்கு இருந்தது நீ. கடவுள் எனக்குத் தந்த துணையைப் பார்!

"கானை இன்னைக்கு வெட்டிருவோம் செசிலி."

"கான் எங்க ஓடிப்போகப் போகுது மதினி? நாளைக்கு வெட்டுவோம்."

"நாளைக்கு மழை வந்தா?"

"மழை உங்களைக் கேக்காம வருமா? ஒங்க உத்தரவு இல்லாம இந்த மலையில ஒரு தூத்தல் விழுமா?"

சொல்லிவிட்டுச் சிரிப்பாய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாய். மொட்டைப் பாறையில் காயப்போட்ட மிளகாயை மழைக்குக் கொடுத்தது எத்தனை தடவை? தெமோதரையில் ரயிலை விட்டுவிட்டு, அடுத்த ரயில் வரும்வரை அங்கேயே யாரோ ஒருத்தியின் குடும்பக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது எத்தனை தடவை? பூசைக்கு நீ வருவது சுவிசேஷம் வாசிக்கும்போது. உன் செருப்புச் சத்தத்தைக் கேட்டாலே சாமியார் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார் என்று உன் அண்ணன் கேலி பண்ணுவார். அவர் சிரிப்பார், நீ சிரிப்பாய். மறுநாள் கானை நான் வெட்டுவேன்.

உன் அண்ணன் போனது ஒரு மாசி மாதம். நல்ல வெயில், மண் சொன்னபடி கேட்டது. அடுத்த மழைக்கு முன்னாலேயே அவர் குழிக்குக் காங்கிரீட் போட்டு மூடினேன். மழைக்கு அமுங்கிய கல்லறை, கவனிக்க ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். அவருக்கு அந்தக் குறை வரக் கூடாது. மேல் வரிசையில் அவர் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தைக் கோயிலில் கேட்டு எனக்கென்று வாங்கிக்கொண்டேன்.

நம் சவக்காலையை அறிந்தவர்களுக்கு நான் அடுத்து ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. அது சரிவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் யார் செத்தாலும் குழிக்குள் ஊற்று அடிக்கும். மிதக்கிற பெட்டியைத் தடியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மண் தள்ளியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தவள் ஒரு மரியாதையான பெண். எனக்கு அப்படி நடக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். நீ போவதற்கு முந்தைய வருஷம் கச்சான் காலத்தில், மண் காய்ந்து இறுகியிருந்தபோது, கொத்து வேலை செய்யும் ராமையா பாஸை வைத்து என் குழியை வெட்டி, நாலு பக்கமும் செங்கல் கட்டி, பலகை போட்டு, அதற்கு மேல் தகரமும் போட்டு மூடி வைத்தேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று நீயும் வந்தாய். வேலை முடிகிற நேரத்துக்கு வந்தாய்.

"எல்லாரும் வீடு கட்டுறாங்க, எங்க மதினி குழி கட்டுறாங்க. பால் காய்ச்சுவாங்களா?" என்று பாஸிடம் சொல்லிச் சிரித்தாய்.

பாஸ் என்னைப் பார்த்து, "நீட்டம் போதுமான்னு ஒரு தடவை பாத்துருங்கம்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிவிட்டாய். "நானும் மதினியும் ஒரே ஒசரந்தான்" என்று அண்ணாந்து படுத்துக் கையைக் கட்டிக்கொண்டாய். "தாராளமா இருக்கு மதினி. காத்தோட்டந்தான் கொஞ்சம் கம்மி."

பாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஏறி வா என்று நான் கத்தினேன். வந்தாய், முதுகெல்லாம் செம்மண்ணோடு. அந்தச் சேலையை வெளுத்தது யார்? நான்.

போன வருஷம் ஆடியிலேயே உனக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வெயில் இருக்கும்போதே பதுளைக்குப் போய்க் காட்டிவிட்டு வா என்று சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸில் கூட்டம் என்றாய். அடுத்த கிழமை என்றாய். திருநாள் முடியட்டும் என்றாய். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சேலை கட்டி நின்ற அன்றைக்கு, யாரோ ஒரு பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று லயத்துப் பக்கம் போய்விட்டாய். பிறகு மழை தொடங்கியது. "மழை விட்டதும் போறேன் மதினி" என்றாய். பெய்யத் தொடங்கிவிட்ட மழையிடம் தவணை கேட்டவள் நீ ஒருத்திதான்.

மழை விடவில்லை. வளைவில் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து ஒரு ஆட்டோகூட வர முடியவில்லை. உன்னை நாற்காலியில் உட்காரவைத்து அந்தப் பக்கம் தூக்கிப்போக ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஆட்கள் வருவதற்குள், "கேத்தல் வச்சீங்களா மதினி? ஒரு வாய் தேத்தண்ணி" என்றாய். நான் தேத்தண்ணியோடு வந்தபோது நீ முடித்துவிட்டாய்.

அதில் மட்டும் உனக்கு என்ன அவசரம், செசிலி?

ஜூட் மறுநாள் வந்தான். மண் சரிந்த இடத்தில் இறங்கி, முழங்கால் சேற்றோடு நடந்து வந்தான். உடலைப் பதப்படுத்தி வைக்கும் மலர்ச்சாலைக்கு உன்னைக் கொண்டுபோக வழியில்லை. சாமியாரும் வர முடியவில்லை. உபதேசியார்தான் செபம் சொன்னார். ஆட்களோடு சவக்காலைக்குப் போய்த் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"கீழ் வரிசையில ரெண்டு எடத்துல வெட்டிப் பாத்தோம் டீமேக்கரம்மா. தண்ணி ஊறுது. வாளியால எறைச்சும் நிக்கல."

"இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டிப் பாருங்க."

"தள்ளுனா பாறை."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, யாரிடமும் சொல்லாத மாதிரி, "மேல ஒரு குழி காஞ்சு கெடக்குல்ல?" என்றாள்.

எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. ஜூட் மட்டும் திரும்பவில்லை. அவன் உன் கால்மாட்டில் நின்று மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தண்ணீரில் போடுங்கள் என்றா? நீ கூடத்தில் கிடக்கிறாய், உன் முகம் இன்னும் கேலி பண்ணுகிற மாதிரி இருக்கிறது, முழு லயமும் நனைந்துகொண்டு நிற்கிறது. நினைத்துப் பார்த்துப் பதில் சொல்லுகிறேன் என்று சொல்லக்கூடிய நேரமா அது?

"பலகையை எடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமாக நான் பட்ட பாராட்டு உனக்குத் தெரியாது. "டீமேக்கரம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு! நாத்தனாருக்குத் தன் எடத்தையே குடுத்தாங்களே!" கோயில் வாசலில் சொன்னார்கள். பதுளைச் சந்தையில் சொன்னார்கள். அப்புத்தளையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களும் கேட்டு வைத்துக்கொண்டு வந்து சொன்னார்கள். ஒருவரும், "அப்ப ஒங்களுக்கு எடம்?" என்று கேட்கவில்லை. ஒரே ஒருத்தர்கூட இல்லை, செசிலி. ஒருத்தராவது கேட்டிருக்கலாம். பெரிய மனசு உள்ளவளுக்குப் படுக்க இடம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நான் படித்திருக்கிறேன்.

இந்த வருஷத்துச் செய்தியைச் சொல்கிறேன். பருவமும் உன்னைப்போல ஆகிவிட்டது. கச்சான் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. விறகு பிளக்கிற மாதத்தில் மழை பெய்து அடுக்கினதெல்லாம் காளான் பூத்தது. மாதா பிறந்த திருநாளன்று, கூரையில் ஆணி அடிக்க ஏறியவர் பாதியில் நனைந்துகொண்டு இறங்கினார். பிறகு, மழை வர வேண்டிய நேரத்தில் பளீரென்று வெயில். நான் கட்டி வைத்த வருஷம் என் கையை விட்டுப் போய்விட்டது. எந்தத் திருநாளுக்கு எதைச் செய்வது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. நீ இருந்திருந்தால், "பாத்தீங்களா மதினி, மேல இருக்கிறவரும் என் கட்சிதான்" என்று சொல்லியிருப்பாய். மிளகாயை இப்போது அடுப்புக்கு மேல் பரண் கட்டிக் காய வைக்கிறேன். வெயிலை நம்புவதில்லை. விறகை ஒரே தடவையில் வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, உன் அறையில் அடுக்கியிருக்கிறேன். ஆமாம், உன் அறையில்தான். நீ என் இடத்தை எடுத்துக்கொள்ளலாம், நான் எடுக்கக் கூடாதா?

போன மாதம் ஜூட் பேசினான்.

"அம்மா, அத்தையோட குழி அமுங்கியிருக்குன்னு உபதேசியார் சொன்னார். ஈர மண்ண அள்ளிப் போட்டதுல்ல, அதான். மழைக்கு முந்திக் காங்கிரீட் போட்டுருவோம். அப்பாவோடது மாதிரியே ரெண்டையும் சேத்து, மேல டைல்ஸ். பாஸ்கிட்டப் பேசிட்டேன்."

"அப்ப நான்?"

"என்னம்மா, இப்பப் போயி அதைக் கேக்குறீங்க?"

"இப்பத்தான் கேக்கணும். மழை வந்தப்புறம் கேட்டா வாளியால எறைப்பீங்க."

பிறகு, "நீங்க கொழும்புக்கு வந்துருங்களேன் அம்மா. இங்க பெரிய சவக்காலை இருக்கு. பக்கத்துலயே இருப்பீங்க" என்றான். அன்போடுதான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருஷம் நான் கூடப் படுத்தெழுந்த மனிதருக்குப் பக்கத்தில் வேண்டாம், அவன் வீட்டுப் பக்கம் பஸ் நிற்கும் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடக்கலாம் என்கிறான்.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு சவக்காலைக்குப் போனேன். ராமையா பாஸ் மணலைக் கொட்டி, சீமெந்து மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உபதேசியார் பக்கத்தில் நின்றார். உன் சிலுவை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நீ வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கிற மாதிரியே.

"பாஸ், நிப்பாட்டுங்க."

"தம்பி சொல்லித்தானம்மா..."

"தம்பிக்கு நான் சொல்லிக்கிறேன். உபதேசியார், நம்ம கோயில் வழக்கத்துல ஒரு குழியைத் திரும்பத் திறக்க எவ்வளவு காலம் ஆகணும்?"

நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அஞ்சு வருஷம் டீமேக்கரம்மா. அதே குடும்பத்து ஆளுக்குத் திறக்கலாம். மேல வெறும் மண்ணா இருக்கணும். காங்கிரீட் போட்டுட்டா ஒடைக்க விடமாட்டாங்க."

"அதான் என் புருஷன் குழியத் தொட முடியாது. நானே பூசி வச்சிருக்கேன்."

"ஆமாங்க."

"அப்ப இதுக்குப் பூச வேணாம். மண்ணப் போட்டு ஒசத்துங்க. மேல புல்லு பதிங்க. சரிவுப் பக்கம் ஆழமா ஒரு கான் வெட்டுங்க, தண்ணி இந்தப் பக்கம் வரக் கூடாது."

"இந்த மழைக்கும் அமுங்குமே அம்மா" என்றார் பாஸ். "சிலுவை சாஞ்சிரும்."

"சாஞ்சா நிமித்துவோம்."

ஜூட்டுக்குக் கோபம். "அத்தைக்கு ஒரு கல்லறைகூடக் கட்டலைன்னு ஊர் பேசும்மா" என்றான். பேசுகிறது. பெரிய மனசு என்று சொன்ன அதே வாய்கள் இப்போது, செத்தவள்மேல் என்ன வன்மம் என்கின்றன. கோயிலில் இரண்டு பேர் என் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்காருகிறார்கள். எனக்குச் சௌகரியம்தான், என் குடையை வைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஆனால் அவன் கேட்ட இந்த இரண்டு பக்கத்தில் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அவர்கள் நினைப்பதே நிஜமாகிவிடும். ஆகையால் பெயர் போட்டுச் சொல்கிறேன். உன் குழிக்குக் கல் வைக்க விடாதவள் நான்தான். அந்த இடம் எனக்கு வேண்டும்.

ஐந்தில் ஒன்று போய்விட்டது. இன்னும் நாலு மழையை நான் தாண்ட வேண்டும். எண்பதை நெருங்குகிறவளுக்கு நாலு மழை லேசான காரியம் இல்லை, செசிலி. உன்னால்தான் இந்த வேலை எனக்கு வந்தது. வெயில் கண்ட கிழமையில் பதுளைக்குப் போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வருகிறேன். பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் போகிறேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் என்றால் முன், பின் என்றால் பின். பாசி பிடித்த படியில் இறங்குவதில்லை. அந்தப் படிக்குக் கைப்பிடி போட்டாயிற்று. மழை நாளில் சாவதில்லை என்று முன்பு ஆசைப்பட்டேன். இப்போது எந்த நாளிலும் சாவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் சாவுக்குத் தயாராகிற வயதில், நீ என்னை உயிரோடு இருக்கத் தயாராக வைத்துவிட்டாய். இதற்காக உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? சொல்லமாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்குப் போனால் உன் அண்ணனுக்கு முதல் மெழுகுதிரி, உனக்கு அடுத்தது. காற்றில் அவருடையது அணைந்துவிடும். உன்னுடையது நின்று எரியும். அங்கேயும் எனக்கு எதிராகத்தான்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மழை விட்டதும் வந்து உன்மேல் மண் போடுவேன். சிலுவையை நிமிர்த்துவேன். அமுங்கிய குழியாக உன்னை விடமாட்டேன். தவணை முடிந்ததும் வருவேன், அதற்கு ஒரு நாள் முன்னாலும் இல்லை. அப்போது அவர்கள் உன் எலும்புகளைத் துணியில் கட்டி ஒரு மூலையில் வைப்பார்கள். ஒதுங்கிக்கொள். உன் அண்ணன் பக்கம் எனக்கு. ஒரே சமையல்கட்டில் நாற்பது வருஷம் இடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு ஒரே குழி ஒன்றும் சிறிசு இல்லை. ஆனால் நான் வரும்போது, இந்த ஒரு தடவையாவது, நாளைக்கு மதினி என்று சொல்லாதே.

சொன்ன நேரத்துக்கு வரப்போகிற,
உன் மதினி
எலிசபெத்